புகைவண்டி என்னும் சொல்லும் ஆல்கோ டீசல் எஞ்சினும்

கனகசெட்டிக்குளத்தில் இருப்புப்பாதை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவும் பகலும் பேருந்துகள் விரைகின்றன. கடலின் ஓசையும் கேட்கின்றது. இரயிலின் ஊதல் மட்டும் கேட்பதில்லை. இரயில் ஏற விரும்புவோர் தெற்கே புதுச்சேரிக்கோ மேற்கே திண்டிவனத்திற்கோ சென்றாக வேண்டும். இத்தகைய ஊரிலிருந்து எழுதும் நாம், தமிழ்த்துறை மலரில் அமெரிக்க நாட்டு டீசல் எஞ்சினைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தது வியப்பாகத் தோன்றலாம். அதற்கு ஒரு மாணவனே காரணம்.

கலைச்சொல்லாக்கம் பற்றிய வகுப்பொன்றில் இரயிலுக்குத் தமிழில் வழங்கிய பெயர்களை ஆராய்ந்துகொண்டிருந்தோம். புகைவண்டி, இருப்பூர்தி, தொடர்வண்டி என்று கரும்பலகையில் எழுதியாயிற்று. அப்பொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தபின் புகைவண்டி என்பது பொருந்தாத பெயர் அல்லவா?" என்று வினவினான். வகுப்பில் நாம் உடனே அளித்த விடை "ஆம்" என்பதே. வீடு திரும்பியபின் அவ்விடை எம்மை உறுத்தியது. விழுப்புரம் சந்திப்பில் நின்ற டீசல் எஞ்சின் புறப்படும் வேளையில் வானளாவக் கரும்புகை கக்கியதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். டீசலுக்கு ஏன் அத்தனை புகை? அவ்வினாவைத் தொடர்ந்து சென்றதன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல் வரையறை. தண்டவாளத்தின்மேல் ஓடிப் பெட்டிகளை இழுக்கும் முழு ஊர்தியை மக்கள் வழக்கைப் பின்பற்றி 'எஞ்சின்' என்றும், அதனுள்ளே டீசலை எரித்து ஆற்றல் தரும் இயந்திரத்தைப் 'பொறி' என்றும் இக்கட்டுரையில் வழங்குகிறோம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் பின்வருவன விளங்கா.

பொறி சக்கரத்தைச் சுற்றுவதில்லை

லாரியில் உள்ள டீசல் பொறி, பற்சக்கரங்களின் வழியே சக்கரத்தைச் சுற்றுகின்றது. இரயிலின் டீசல் எஞ்சினிலும் அவ்வாறே நிகழும் என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. ஆயிரக்கணக்கான டன் எடையை நின்ற நிலையிலிருந்து அசைக்க வேண்டிய இடத்தில், லாரியில் உள்ளது போன்ற 'கிளட்ச்' எரிந்துபோகும். ஆகவே பொறி ஒரு மின்னாக்கியைச் சுற்றுகின்றது. அதில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே கீழே இறங்கி, ஒவ்வோர் அச்சிலும் பொருத்தப்பட்டுள்ள மின்மோட்டாரை இயக்குகின்றது. அந்த மோட்டாரே சக்கரத்தைச் சுற்றுகின்றது. சுருங்கக் கூறின், டீசல் எஞ்சின் என்பது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்துகொண்டு ஓடும் மின்சார எஞ்சினாகும்.

ஓட்டுநரின் கையில் உள்ள பிடிக்கு எட்டு நிலைகள் உண்டு. 'நாட்ச்' என்று இரயில்வேயார் கூறுவது இதனையே. முதல் நாட்சில் வண்டி மெல்ல அசையும். எட்டாம் நாட்சில் பொறி தன் முழு ஆற்றலையும் தரும். நீராவி எஞ்சினில் ஓட்டுநரோடு நெருப்பாளர் இருவர் நின்று நிலக்கரி அள்ளி வீசவேண்டியிருந்தது. டீசலில் ஓட்டுநரும் ஓர் உதவியாளருமே போதும். மூவர் செய்த பணி இருவருக்கு உரியதாயிற்று; மூன்றாமவரின் மண்வெட்டிக்கு வேலை இல்லாமற்போயிற்று. நெருப்பின் முன் வெந்தவர்களுக்கு அது விடுதலை என்று எழுதுவது எளிது. அந்த வேலையையே நம்பியிருந்த குடும்பங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு எளிதன்று.

சிக்கனத்தைப் பொறுத்தமட்டில் ஐயத்திற்கு இடமில்லை. நீராவி எஞ்சின் தான் உண்ணும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறோ ஏழோ பங்கைத்தான் இழுவிசையாக மாற்றும். எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்திற்குப் போகும். டீசல் எஞ்சின் நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பங்கைப் பயன்படுத்தும். அன்றியும் நீராவி எஞ்சினுக்கு வழிநெடுக நீர் வேண்டும். கோடையில் குடிநீருக்கே தவித்த இராமநாதபுரச் சீமையில் எஞ்சினுக்கு நீர் நிரப்புவது எத்தகைய செலவு என்பதை அவ்வூர்ப் பெரியவர்கள் அறிவர்.

ஆல்கோவும் பாரசீகப் பாதையும்

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய டீசல் எஞ்சின்களின் மூல வடிவம் 'அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி' என்னும் நிறுவனத்தினுடையது. 1901-இல் பல எஞ்சின் தொழிற்சாலைகள் ஒன்றிணைந்து அது தோன்றியது. நியூயார்க் மாநிலத்துச் செனக்டடி நகரம் அதன் தலைமை இடம். அதன் பெயரைச் சுருக்கி 'ஆல்கோ' என்றனர். நீராவி எஞ்சின்களைப் பல்லாயிரக் கணக்கில் செய்து புகழ்பெற்ற அந்நிறுவனம், 1920-களிலேயே பிற நிறுவனங்களோடு கூடி டீசல் எஞ்சின் ஆக்கத்திலும் ஈடுபட்டது.

1941-இல் ஆல்கோ 'ஆர்.எஸ்.1' என்னும் எஞ்சினைக் கொணர்ந்தது. அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நாம் இங்கே கண்ட எஞ்சின்களின் உருவம் அதிலேதான் தொடங்குகின்றது. பொறியின்மேல் ஒடுங்கிய நீண்ட கூடு. அதற்கு 'ஹூட்' என்று பெயர். கூட்டின் இருபுறமும் நடந்து செல்ல வழி. ஒரு கோடிக்கு அருகில் ஓட்டுநர் அறை. அதற்கப்பால் சிறியதொரு கூடு. இவ்வமைப்பினால் எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டலாம். பழுது பார்ப்போர் கூட்டின் கதவைத் திறந்து நின்றவாறே பொறியைத் தொடலாம். நிலைய முற்றத்தில் பெட்டி மாற்றவும் நெடும்பாதையில் வண்டி இழுக்கவும் ஒரே எஞ்சின் உதவும்.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வெஞ்சினுக்கு எதிர்பாராத பயணம் வாய்த்தது. சோவியத் நாட்டிற்குப் போர்ப் பொருள்களை ஈரான் வழியே அனுப்ப நேச நாடுகள் முனைந்தன. பாரசீக வளைகுடாவிலிருந்து வடக்கே செல்லும் ஈரானிய இரயில் பாதை, நீரற்ற பாலையிலும் மலைக் குகைகள் பலவற்றின் ஊடேயும் செல்வது. பாலையில் நீராவி எஞ்சினுக்கு நீர் இல்லை. குகையினுள் அதன் புகை ஓட்டுநரைத் திணறடிக்கும். ஆகவே அமெரிக்க இராணுவம் ஆர்.எஸ்.1 எஞ்சின்களைக் கைக்கொண்டது. நான்கு அச்சுகளை ஆறாக்கி, ஆறிலும் மோட்டார் பொருத்தச் செய்தது. எடை ஆறு அச்சுகளில் பரவியமையால் தண்டவாளத்தின்மேல் விழும் பளு குறைந்தது. ஆறு மோட்டார்கள் இழுத்தமையால் ஏற்றத்தில் வலிமை மிகுந்தது. நீண்ட கூடும் ஆறு அச்சும் கொண்ட இந்த உருவமே பிற்காலத்தில் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது.

போருக்குப் பின் ஆல்கோவின் வரலாறு இறங்குமுகமாயிற்று. '244' என்னும் எண்ணுடைய பொறியை அது முழுமையாகச் சோதிக்காமல் விரைந்து சந்தைக்கு அனுப்பியது. பழுதுகள் மலிந்தன. வாங்கிய இரயில்வே நிறுவனங்கள் சலிப்புற்றுப் போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸின் பக்கம் சாய்ந்தன. 1950-களின் நடுவில் '251' என்னும் புதிய பொறியை ஆல்கோ ஆக்கியது. அது உறுதியான பொறி. ஒன்பது அங்குல விட்டமும் பத்தரை அங்குல வீச்சும் உடைய சிலிண்டர்கள். ஆறு, பன்னிரண்டு, பதினாறு என்று வேண்டிய எண்ணிக்கையில் அவற்றை அடுக்கிக்கொள்ளும் அமைப்பு. ஆனால் நற்பெயர் போனபின் நல்ல பொருள் வந்து என் செய்யும்? 1969-இல் ஆல்கோ எஞ்சின் ஆக்கத்தையே கைவிட்டது.

ஆக்கியவரைக் காக்க முடியாத அந்த 251, அதற்கு முன்னரே வேறு நாட்டில் வேரூன்றியிருந்தது.

வாரணாசியில் கற்றது

இந்திய இரயில்வே 1957 முதல் ஆல்கோவிடமிருந்து 100 டீசல் எஞ்சின்களை வாங்கி அகலப்பாதையில் ஓட்டியது. அவற்றில் ஓட்டுநர் அறை ஒரு கோடியில் மட்டுமே இருந்தமையால், திரும்பி வருவதற்கு எஞ்சினைத் திருப்ப வேண்டிய தொல்லை இருந்தது. அடுத்து எதனை வாங்குவது என்று ஆராய்ந்தபோது இரண்டு அமெரிக்க எஞ்சின்கள் போட்டியிட்டன. ஒன்று ஜெனரல் மோட்டார்ஸினுடையது; மற்றது பதினாறு சிலிண்டர் 251 பொறி பூண்ட ஆல்கோவினுடையது. இரண்டும் 2,600 குதிரைத்திறன் உடையவை. இரண்டும் 1962-இல் வந்திறங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினே சிறந்தது என்று கருதிய இரயில்வேயார் பலர். ஆயினும் எஞ்சினை விற்பதோடு அதனைச் செய்யும் முறையையும் கற்பிக்க இசைந்தது ஆல்கோ நிறுவனமே. அதனால் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்கள் 72 என்ற எண்ணிக்கையோடு நின்றன. ஆல்கோ எஞ்சின் நாடெங்கும் பரவியது.

இம்முடிவை நாம் மிகவும் மதிக்கின்றோம். கடையில் இரண்டு பொருள் இருக்க, சற்றுச் சிறந்ததை விடுத்து, செய்முறையோடு வருவதைத் தேர்ந்தெடுப்பதற்குத் தொலைநோக்கு வேண்டும். சிறந்த பொருளை வாங்கியவன் பழுது நேரும்போதெல்லாம் விற்றவனின் வாயிலில் நிற்பான். செய்முறையை வாங்கியவன் பத்தாண்டில் தானே செய்வான்.

வாரணாசியில் அமைந்த டீசல் எஞ்சின் தொழிற்சாலை, ஆல்கோ அனுப்பிய பாகங்களைப் பூட்டித் தன் முதல் எஞ்சினை 1964 ஜனவரியில் வெளியிட்டது. தொடக்கத்தில் பூட்டுதல் மட்டுமே. பின்னர் ஒவ்வொரு பாகமாக இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றனர். செனக்டடியில் ஆலை மூடப்பட்ட பின்னரும் வாரணாசியில் உற்பத்தி நிற்கவில்லை. 1990-களின் இறுதி வரையில் இவ்வகை எஞ்சின் 2,600-க்கும் மேற்பட்டவை வெளிவந்தன.

இவ்வகைக்கு 'டபிள்யூ.டி.எம்.2' என்று பெயர். இரயில்வேயாரின் இந்தக் குறியீடு இலக்கண மாணவர் விரும்பத்தக்க சிக்கனம் உடையது. முதலெழுத்து பாதையின் அகலத்தைக் குறிக்கும்: 'டபிள்யூ' எனில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை, 'ஒய்' எனில் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. இரண்டாம் எழுத்து எரிபொருளைக் குறிக்கும். 'டி' என்பது டீசல். மூன்றாவது பணியைச் சுட்டும். 'எம்' எனில் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டிற்கும் பொது. இறுதியில் நிற்கும் எண் வரிசை எண். இதனை அறிந்தவர் எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருப்பதைக் கொண்டே அதன் குலத்தையும் தொழிலையும் கூறிவிடலாம்.

நம் மீட்டர் கேஜில் ஓடியது

தமிழ்நாட்டின் தென்பகுதியும் காவிரிக் கழிமுகமும் புதுவையும் அறிந்தது மீட்டர் கேஜ் பாதையையே. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879-இல் திறக்கப்பெற்றது. ஆங்கிலேயர் நிலத்தில் தொடங்கிப் பிரெஞ்சுக்காரர் நிலத்தில் முடிந்த மீட்டர் கேஜ் பாதை அது. புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்டு 16-இல். தற்செயலாக அக்காலத்திலேதான் ஆல்கோவின் மீட்டர் கேஜ் எஞ்சின்களும் இந்தியாவுக்கு வரத் தொடங்கின.

அவ்வெஞ்சின் 'ஒய்.டி.எம்.4'. முதலில் ஆல்கோ அனுப்பியது; பின்னர்க் கனடாவின் மாண்ட்ரியல் தொழிற்சாலையும் அனுப்பியது; 1968 முதல் வாரணாசியிலும் செய்தனர். மொத்தத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை ஓடின. அதனுள்ளே இருந்ததும் 251 பொறியே. பதினாறுக்கு மாறாக ஆறு சிலிண்டர்கள் மட்டும். ஆற்றல் 1,400 குதிரைத்திறன். எடை 72 டன். ஆறு அச்சுகளில் பகிர்ந்தால் அச்சுக்கு 12 டன். அகலப்பாதையின் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினில் அச்சுக்கு ஏறத்தாழ 19 டன் பளு விழும். மெல்லிய தண்டவாளமும் பழைய பாலங்களும் கொண்ட மீட்டர் கேஜ் அதனைத் தாங்காது. ஈரானின் பாதைக்காக அன்று நான்கை ஆறாக்கிய உத்தி, 1914-இல் கட்டிய பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டியிருந்த நம் பாதைக்கும் பொருந்தி வந்தது.

சிலிண்டரின் அளவு இரண்டு எஞ்சின்களிலும் ஒன்றே என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். அகலப்பாதை எஞ்சினின் பிஸ்டனும் மீட்டர் கேஜ் எஞ்சினின் பிஸ்டனும் ஒரே குடும்பத்தவை. இரண்டு பாதைகளுக்கும் ஒரே தொழிற்சாலை உதிரிப்பாகம் அளிக்க முடிந்தது. ஒன்றில் பழகிய தொழிலாளி மற்றதிலும் கை வைக்க முடிந்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் இரண்டு வகையும் பேணப்பட்டன. நாகப்பட்டினத்தில் இருந்த பழைய தென்னிந்திய இரயில்வேப் பணிமனையே 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு இடம் மாறியது. நீராவியில் பழகிய கைகளின் மரபில் வந்தோரே அங்கு டீசலையும் கற்றனர்.

சென்னையிலிருந்து விழுப்புரம் வரையில் 1960-களிலேயே மீட்டர் கேஜ் பாதைக்கு மின்கம்பி வந்துவிட்டது. விழுப்புரத்தோடு கம்பி முடிந்தது. ஆகவே தெற்கே செல்லும் வண்டிகள் பலவற்றிற்கு அங்கே எஞ்சின் மாற்றுவார்கள். மின்சார எஞ்சின் கழன்று போகும்; டீசல் எஞ்சின் பின்னோக்கி வந்து 'தடார்' என்று இணையும்; பெட்டியில் உறங்கியவர் விழித்துக்கொள்வர்; தேநீர்க்காரர் குரல் எழுப்புவார். புதுவையிலிருந்து வந்து விழுப்புரத்தில் வண்டி மாறியவர்களுக்கு அந்த இடைவேளை நன்கு பழக்கம்.

இவ்வெஞ்சின்கள் இழுத்த வண்டிகளின் பெயர்களைத் தமிழாசிரியர் எவரும் புன்முறுவல் இன்றிச் சொல்லார்: சோழன், பாண்டியன், வைகை, நெல்லை. செனக்டடியில் வரையப்பட்டு வாரணாசியில் செய்யப்பட்ட பொறி, சோழனையும் பாண்டியனையும் முன்னின்று இழுத்துச் சென்றது! 1977 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய வைகை விரைவு வண்டி, சென்னைக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு பகலுக்குள் கடந்து, இந்திய மீட்டர் கேஜ் வண்டிகளுள் மிக விரைவானது என்று பெயர்பெற்றது. மீட்டர் கேஜ் என்றாலே ஆமை வேகம் என்றிருந்த எண்ணத்தை மாற்றியது அவ்வண்டியே.

எம் சமுதாயப் பெரியவர்கள் நினைவு கூர்வது வேறொரு பாதையை. தஞ்சையிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக நாகூருக்குச் சென்ற மீட்டர் கேஜ் பாதை அது. நாகூர்க் கந்தூரிக்குப் பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவோர் சாதி சமய வேறுபாடின்றி ஒரே பெட்டியில் நெருங்கி அமர்ந்து செல்வர். நீராவிக் காலத்தில் நாகூரில் இறங்கியவுடன் முதல் வேலை, கண்ணில் விழுந்த கரித்தூளைக் கழுவுவதுதான் என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். வெள்ளைச் சட்டை அணிந்து சென்றவர் சாம்பல் நிறச் சட்டையோடு இறங்குவாராம். டீசல் வந்தபின் கரித்தூள் போயிற்று. புகை போயிற்றா என்பதே மாணவன் எழுப்பிய வினா.

கரும்புகை ஏன்?

டீசல் பொறியில் தீப்பொறி மூட்டும் கருவி இல்லை. காற்றை அழுத்தினால் அது சூடேறும். போதிய அளவு சூடேறிய காற்றில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். மிகுந்த எண்ணெயை எரிக்க மிகுந்த காற்று வேண்டும். அதற்காக 251 பொறியில் 'டர்போ' என்று சுருக்கமாக வழங்கும் கருவி உண்டு. பொறியிலிருந்து வெளியேறும் சூடான கழிவுக் காற்று ஒரு சுழலியைச் சுற்றும். அச்சுழலி வெளிக் காற்றை உள்ளிழுத்து, அடர்த்தியாக்கிச் சிலிண்டருக்குள் தள்ளும். வீணாகும் ஆற்றலைக் கொண்டே பொறிக்கு மூச்சளிக்கும் அழகிய ஏற்பாடு இது.

அதில் ஒரு குறையும் உண்டு. ஓட்டுநர் நாட்சை உயர்த்தியவுடன் எண்ணெய் உடனே பெருகிப் பாய்கின்றது. ஆனால் டர்போ அதே நொடியில் வேகம் கொள்வதில்லை. கழிவுக் காற்று பெருகிய பின்னரே அது விரைந்து சுழலும். அந்தச் சில நொடிகளில் சிலிண்டருக்குள் எண்ணெய் மிகுதி, காற்றுக் குறைவு. முழுதும் எரியாத எண்ணெய் கரியாகி வெளியேறும். அதுவே நாம் விழுப்புரத்தில் கண்ட கரும்புகை. டர்போ வேகம் பிடித்ததும் புகை மெல்ல வெளுத்து மறையும். ஆல்கோ பொறிகள் உலகெங்கும் இப்புகைக்குப் பெயர் போனவை. இரயில் பித்தர்கள் அதனைப் படம் பிடிக்கவென்றே காத்திருப்பார்கள். புகை மிகுதியாகவும் நெடுநேரமாகவும் வந்தால் டர்போவோ எண்ணெய்த் தெளிப்பானோ கெட்டிருக்கின்றது என்று பணிமனையார் அறிவர். அவ்வகையில் புகை நோய்க்குறியும் ஆகும்.

ஆகவே அம்மாணவனுக்கு நாம் அளித்த விடை அவசர விடையாகும். மறுவாரம் வகுப்பில் அதனைத் திருத்திக்கொண்டோம். புகைவண்டி என்னும் பெயர் ஆல்கோ இருந்த வரையில் பொய்யாகவில்லை; நீராவிக்கு இட்ட பெயர் டீசலுக்கும் செல்லுபடியாயிற்று.

முடிந்ததும் முடியாததும்

1992-இல் இந்திய இரயில்வே, பாதைகள் அனைத்தையும் ஒரே அகலத்திற்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை–மதுரைப் பாதை 1990-களின் இறுதியிலும் அதனை அடுத்தும் மாறியது. பின்னர்ப் புதுவைப் பாதை, பாம்பன் பாதை, மயிலாடுதுறைப் பாதை என்று ஒவ்வொன்றாக மாறின. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை நெடுநாள் தாக்குப் பிடித்தது. அங்கே ஏற்றம் கடுமையாதலால் வண்டியின் முன்னே ஓர் ஒய்.டி.எம்.4, பின்னே மற்றொன்று. முன்னது இழுக்கப் பின்னது தள்ளும். குகை கடந்து, பதின்மூன்று கண் பாலம் கடந்து சென்ற அவ்வண்டி 2010-இல் நின்றது. பாதை அகலமாகி முழுதும் திறக்க 2018 ஆயிற்று.

ஈண்டு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். மீட்டர் கேஜ் எஞ்சின் தளர்ந்துபோய் ஓய்ந்ததன்று. அதன் காலடியிலிருந்து பாதை எடுக்கப்பட்டது. இன்னும் ஓடக்கூடிய எஞ்சின்கள் பல, மீட்டர் கேஜ் பாதையுள்ள பிற நாடுகளுக்குச் சென்றன. மலேசியாவுக்கும் மியன்மாருக்கும் அவை சென்றமை குறிப்பிடத்தக்கது. மலாயாவில் இருப்புப்பாதை இட்ட கைகளுள் தமிழர் கைகள் மிகுதி. அப்பாதையின்மேல் பல்லாண்டு கழித்து, தமிழகத்தில் ஓடிய அதே வகை எஞ்சின் ஓடியது. பதினாறு சிலிண்டர் ஆல்கோ வகை எஞ்சின்கள் 1990-களில் வாரணாசியிலிருந்து இலங்கைக்கும் சென்றன.

அகலப்பாதையில் 251-இன் கதை இன்னும் நெடியது. 2,600 குதிரைத்திறன் தந்த அதே பதினாறு சிலிண்டர் பொறியை, விட்டமும் வீச்சும் மாற்றாமல், டர்போவையும் எண்ணெய் தெளிக்கும் முறையையும் திருத்தித் திருத்தி, 1990-களில் 3,100 ஆகவும் பின்னர் 3,300 ஆகவும் உயர்த்தினர். பிறந்த நாட்டில் கைவிடப்பட்ட பொறியிலிருந்து கால்பங்குக்கும் மேலான ஆற்றலைக் கூடுதலாகப் பெற்றது இந்நாட்டுத் தொழிலாளரின் கல்வி. அன்று செய்முறையைத் தர மறுத்ததாகச் சொல்லப்படும் ஜெனரல் மோட்டார்ஸும் 1995-இல் வாரணாசித் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் செய்து தன் செய்முறையைத் தந்தது. முப்பது ஆண்டுகள் எஞ்சின் செய்து பழகிய மாணவனுக்குக் கற்பிப்பது ஆசிரியருக்கும் எளிதாக இருந்திருக்கும்.

இப்பொழுது அகலப்பாதையெங்கும் மின்கம்பி படர்ந்துவிட்டது. 2018-இல் வாரணாசியில் ஆல்கோ வகை டீசல் எஞ்சின்கள் இரண்டிலிருந்து பொறியை அகற்றி, அவற்றை மின்சார எஞ்சினாகவே மாற்றிக் காட்டினர். 2020-இல் தொழிற்சாலையின் பெயரிலிருந்தே 'டீசல்' என்னும் சொல் நீங்கிற்று. டீசல் எஞ்சின் தன் மின்நிலையத்தைச் சுமந்து ஓடும் மின்சார எஞ்சினே என்று முன்னர்க் கூறினோம். சுமையை இறக்கி வைத்தபின் எஞ்சியது அதுவே.

ஒய்.டி.எம்.4 எஞ்சினை நேரிற் காண விரும்பும் மாணவர்கள் உதகைக்குச் செல்லலாம். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறிலிருந்து குன்னூர் வரையில் பற்சக்கரப் பாதை. அங்கே நீராவி எஞ்சின் பின்னின்று தள்ளும். அதனைக் கண்டவுடன் எல்லோரும் படம் எடுக்க ஓடுவர். குன்னூரில் அது கழன்றுகொள்ளும். அங்கிருந்து உதகை வரையில் பற்சக்கரம் இல்லாத பாதை. அப்பகுதியில் வண்டியைக் கொண்டு செல்வது எவரும் படம் எடுக்காத டீசல் எஞ்சின். அதன் அருகில் நின்று, ஓட்டுநர் முதல் நாட்ச் போடும் வேளையில் கூட்டின் உச்சியைப் பாருங்கள்.